பயாஸ் செய்த தப்புக்கு லினக்ஸுக்கா தண்டனை?

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் பல வீடுகளுக்குள் கணினி நுழைந்தது இந்தத் திட்டத்தால்தான். அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது. விழுப்புரத்தில் கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் சொல்லித்தரும் குனு/லினக்ஸ் பயனர் குழுவும் உண்டு. லினக்ஸ் இந்த ஊருக்குப் புதிதல்ல.

ஆனாலும் மடிக்கணினி மூடித் திறந்ததும் விழிக்க மறுத்தாலோ, வைஃபை காணாமல் போனாலோ, தீர்ப்பு உடனே வந்துவிடும். “லினக்ஸ் போட்டீங்களா? அதான்!” என்பார் ஒருவர். “போர்டு போச்சு” என்பார் இன்னொருவர். இரண்டுக்கும் நடுவில் ஒரு குற்றவாளி பெரும்பாலும் தப்பிவிடுகிறது. அதுதான் ஃபர்ம்வேர்.

விழுப்புரம் ரயில் சந்திப்பிலிருந்து ஐந்து திசைகளுக்குத் தண்டவாளம் பிரிகிறது. வண்டி எந்தப் பாதையில் போக வேண்டும் என்பதை முன்கூட்டியே அமைத்துவைப்பது நிலையத்தின் வேலை. அதைத் தப்பாக அமைத்தால் ஓட்டுநரைக் குறை சொல்லிப் பயனில்லை. மடிக்கணினியில் அந்த நிலைய வேலையைச் செய்வது தாய்ப்பலகையிலுள்ள ஒரு சிறு சிப்பில் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர். அதைப் பயாஸ் என்றும், அதன் புதிய வடிவத்தை யூஇஎஃப்ஐ என்றும் சொல்கிறோம். விசையை அழுத்தியதும் முதலில் எழுவது இதுதான். நினைவகத்தையும் விசைப்பலகையையும் தயார்செய்து, மின்கலம், விசிறி, உறக்கம் பற்றிய ஏசிபிஐ அட்டவணைகளை இயங்குதளத்திடம் ஒப்படைக்கிறது.

சிக்கல் அந்த அட்டவணைகளில்தான் தொடங்குகிறது. தயாரிப்பாளர்கள் பலர் அவற்றை விண்டோஸில் மட்டுமே சோதிக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், “நீ விண்டோஸா?” என்று ஃபர்ம்வேர் கேட்டால் “ஆம்” என்றே பதில் சொல்கிறது! அப்படிச் சொன்னால்தான் சோதித்துப் பார்த்த வழியில் வன்பொருள் இயங்கும்.

ஃபர்ம்வேருக்கும் இயங்குதளத்துக்கும் உள்ள இந்த உறவு முறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு சம்பவங்கள் சாட்சி. 2013-இன் தொடக்கத்தில், சில சாம்சங் மடிக்கணினிகளில் யூஇஎஃப்ஐ முறையில் லினக்ஸைத் துவக்கியதுமே அவை செத்துப்போயின. முதலில் பழி லினக்ஸ் மேல்தான் விழுந்தது. கெர்னல் வல்லுநர் மேத்யூ கேரட் ஆராய்ந்து, ஃபர்ம்வேரின் சேமிப்பிடத்தில் அளவுக்கு மீறி எழுதினால் விண்டோஸிலிருந்தும் அதே கதி நேரும் என்று காட்டினார். 2017 டிசம்பரில் நடந்தது நேர்மாறு. உபுண்டு 17.10 போட்ட சில லெனோவா மடிக்கணினிகளில் பயாஸ் அமைப்புகளைச் சேமிக்கவே முடியவில்லை. அந்த முறை தப்பு லினக்ஸ் பக்கம்: இன்டெல்-எஸ்பிஐ என்ற டிரைவர் பயாஸ் சிப்பைத் தொட்டுவிட்டது. உபுண்டு அந்தப் பதிப்பைத் தரவிறக்கத்திலிருந்து விலக்கி, டிரைவரை நீக்கித் திரும்ப வெளியிட்டது.

ஆக, யார் மேல் தப்பு என்பதை ஊகத்தால் சொல்ல முடியாது. சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

முதல் சோதனைக்கு இயங்குதளமே வேண்டாம். பயாஸ் திரைக்குள் போய்ப் பாருங்கள். அங்கேயே விசைப்பலகை வேலை செய்யவில்லை, வட்டு தெரியவில்லை என்றால் லினக்ஸ் நிரபராதி. அடுத்து, வேறொரு லினக்ஸை நிறுவாமல், யூஎஸ்பியிலிருந்து லைவாக ஓட்டுங்கள். அதில் கோளாறு இல்லையென்றால், நிறுவிய பதிப்பிலோ அமைப்பிலோதான் குறை.

இரண்டிலும் அதே கோளாறு இருந்தால் கெர்னலின் நாட்குறிப்பைத் திறக்க வேண்டும். டெர்மினலில் டிமெசேஜ் (dmesg) கட்டளையை நிர்வாகி உரிமையோடு கொடுத்தால் துவக்கம் முதல் நடந்ததெல்லாம் வரிவரியாக வரும். “ஃபர்ம்வேர் பக்” என்று அடைப்புக்குறிக்குள் தொடங்கும் வரிகள் பயாஸ் மீது கெர்னல் கொடுக்கும் புகார்கள். எல்லாம் ஆபத்தானவை அல்ல. உங்கள் கோளாறோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். வைஃபை இல்லாதபோது, ஃபர்ம்வேர் ஏற்றும் வரியில் “எரர் -2” தெரிந்தால் கோப்பு இல்லை என்று பொருள். இது பயாஸ் விவகாரமே அல்ல. வைஃபை அட்டைக்கென்று ஒரு தனி ஃபர்ம்வேர் உண்டு. அதற்குரிய தொகுப்பை நிறுவினால் பெரும்பாலும் தீர்ந்தது. டெபியனின் அதிகாரபூர்வ நிறுவியிலேயே இத்தகைய கோப்புகள் சேர்ந்தது 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பில்தான்.

உறக்கச் சிக்கலுக்குக் காரணம் வேறு. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் பழைய எஸ்3 உறக்கத்தையே ஃபர்ம்வேர் தருவதில்லை. மூடிவைத்தாலும் அரைத்தூக்கம்தான், மின்கலம் கரைந்துகொண்டே இருக்கும். பயாஸ் அமைப்பில் உறக்க வகையைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறதா என்று பார்க்கலாம்.

பயாஸைப் புதுப்பிக்க இப்போது லினக்ஸிலேயே வழி இருக்கிறது. ரிச்சர்ட் ஹியூஸ் தொடங்கிய எல்விஎஃப்எஸ் சேவையில் டெல், லெனோவா, ஹெச்பி நிறுவனங்கள் தங்கள் ஃபர்ம்வேரை வெளியிடுகின்றன. ஆனால் எல்லா மாடலுக்கும் கிடைக்காது. புதுப்பிக்கும்போது மின்கலம் நிறைந்திருக்க வேண்டும், சார்ஜரும் செருகியிருக்க வேண்டும். பராமரிப்புக்காக மின்தடை அறிவித்த நாளில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

புதுப்பித்தல் பாதியில் நின்றுபோனாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. எட்டுக் கால் கொண்ட அந்தச் சிப்பில் புரோகிராமர் கருவியைக் கவ்வவைத்து மறுபடி எழுத முடியும். ஆகவே கடைக்குப் போகுமுன் பயாஸ் பதிப்பு எண்ணையும் அந்தப் புகார் வரிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். போர்டை மாற்றச் சொன்னால், சிப்பை மறுபடி எழுதிப் பார்த்தீர்களா என்று முதலில் கேளுங்கள்.