கத்தியில் பயணம் செய்யும் வைரஸ்

ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் நத்தையைப் பிடிக்க இரவில் டார்ச் விளக்கோடு அலைவார்கள். ஆனால் உலகெங்கும் ஆர்க்கிட் தோட்டங்களில் பரவியிருக்கும் எதிரி எந்த வெளிச்சத்திலும் தெரியாது. அதன் பெயர் சிம்பிடியம் மொசைக் வைரஸ். 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் சிம்பிடியம் செடிகளில் அடையாளம் காணப்பட்டதால் வந்த பெயர் இது. கேட்லியா, டென்ட்ரோபியம், வாண்டா எதையும் இது விட்டுவைப்பதில்லை.

நூலிழை போன்ற வடிவம். நீளம் சுமார் 475 நானோமீட்டர்; ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்துக்கு மேல் வரிசையாக நிற்கலாம்! உள்ளே இருப்பது ஒரே ஒரு ஆர்.என்.ஏ. சரம். அதன் முழு வரிசையைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்டார்கள்.

செடிகளைத் தாக்கும் பல வைரஸ்களுக்கு அசுவினியும் வெள்ளை ஈயும் வாகனம். இதற்கு அப்படியொரு பூச்சி இருப்பதாகத் தெரியவில்லை. வாகனம் நாம்தான். நோயுள்ள செடியின் சாறு பட்ட கத்தி, கத்தரிக்கோல், பழைய தொட்டி, விரல் நுனி, இவையே போதும்.

சில செடிகளில் இலையில் வெளிறிய திட்டுகள், கறுத்த குழிகள் தோன்றும். கேட்லியா பூ நன்றாக மலர்ந்து, சில நாள் கழித்துப் பழுப்புக் கோடு விழும். பல செடிகளிலோ ஒன்றுமே தெரியாது. என்னைக் கேட்டால் இந்த அழகான செடிகள்தான் ஆபத்தானவை. நன்றாகப் பூக்கிறதே என்று அவற்றைத்தானே வெட்டி நண்பர்களுக்குக் கொடுக்கிறோம்?

விதை வழியாக இது பொதுவாகப் பரவுவதில்லை. ஆனால் சிங்கப்பூரின் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம் போன்ற கலப்பினங்களைத் தண்டை வெட்டி நட்டுத்தான் பெருக்குகிறோம். தாய்ச் செடியில் வைரஸ் இருந்தால் பிள்ளைகளுக்கும் சீதனமாகப் போய்விடும். திசு வளர்ப்பிலும் இதே கதைதான்; தாய்ச் செடியைச் சோதிக்காமல் தொடங்கினால், ஆயிரம் செடிகளோடு வைரஸும் ஆயிரமாகும்.

மருந்து கிடையாது. கடைக்காரர் எதை விற்றாலும் நம்ப வேண்டாம். நான் செடிக்கு ஒரு சவர பிளேடு என்று வைத்திருக்கிறேன். கத்தியானால் ஒவ்வொரு வெட்டுக்கு முன்பும் தீயில் நன்றாகக் காட்டுவேன். ஸ்பிரிட்டில் துடைத்தால் மட்டும் போதாது.

நோயுள்ள செடியை எரித்துவிடச் சொல்வார்கள். பண்ணைக்கு அது சரி. பத்து வருடம் பூத்த செடியை எறிய வீட்டில் யாருக்கு மனசு வரும்? வைத்துக்கொள்ளுங்கள். மற்ற செடிகளின் இலை படாமல், வேர் பின்னாமல், அதில் வடியும் தண்ணீர் மற்றவற்றில் விழாமல் தனியே வையுங்கள். யார் கேட்டாலும் ஒரு துண்டுகூட வெட்டிக் கொடுக்காதீர்கள்.