மேடையில் உங்கள் பிள்ளை, மண்டபத்தில் நீங்கள்!



பட்டணத்து இடைநிலைப்பள்ளியிலிருந்து உங்கள் பிள்ளை ஒரு கடிதம் கொண்டு வருகிறான். பரிசளிப்பு விழா, பெற்றோர் அவசியம் வர வேண்டும் என்று மலாய் மொழியில் எழுதியிருக்கிறது. நீங்கள் என்ன செய்கிறீர்கள்? கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, "எனக்கு வேலை இருக்கு, நீயே போய் வாங்கிக்கிட்டு வா" என்கிறீர்கள்.

நான் குறை சொல்ல வரவில்லை. என் அப்பா வந்தும் வராதவர் ஆனார். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ரந்தாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் அப்பா பால்மரம் வெட்டினார். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியை முடித்து, 1993-இல் பட்டணத்து மிஷன் பள்ளியொன்றில் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். மலாய் போதாது என்று ஓர் ஆண்டு கூடுதலாக உட்கார்ந்தவன் நான். இரண்டாம் படிவத்தில் முப்பத்தெட்டாம் இடத்திலிருந்து ஒன்பதாம் இடத்துக்கு வந்ததற்காக எனக்கு முன்னேற்றப் பரிசு கொடுத்தார்கள். பரிசு ஓர் அகராதி.

அப்பா அன்றைக்கு இரண்டு தடவை குளித்தார். அப்படியும் ஒட்டுப்பால் வாடை போகவில்லை என்று அவருக்கு எண்ணம். பஸ் ஏறி வந்தவர், மண்டபத்து வாசலில் கழுத்துப்பட்டை கட்டியவர்களைப் பார்த்ததும் சைக்கிள் கொட்டகைப் பக்கமே நின்றுவிட்டார். மேடையில் ஏறி நான் கூட்டத்தில் அவரைத் தேடினேன். வீட்டுக்கு வந்த பிறகு அகராதியைத் தடவிப் பார்த்து அவர் கேட்ட ஒரே கேள்வி: "கை தட்டினாங்களா?"

தட்டினார்கள். ஆனால் நான் எதிர்பார்த்த இரண்டு கைகள் வெளியே நின்றன.

யாருக்காகத் திறந்த பள்ளிகள்?

"அது பெரிய பள்ளிக்கூடம் ஐயா, நமக்கு அங்கே என்ன இருக்கு?" என்று இன்றும் சில பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள். சிரம்பானில் 1899-இல் தொடங்கிய செயிண்ட் பால் பள்ளியையும், கன்னியர் நடத்திய கான்வென்ட்டையும் நம் பெரியவர்கள் அப்படித்தான் தூரத்திலிருந்து பார்த்தார்கள். கிராணி வீட்டுப் பிள்ளைகளும் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிற இடம் என்று நினைத்தார்கள்.

ஆனால் இந்தப் பள்ளிகளின் வேர் வேறு விதமானது. செயிண்ட் பால் பள்ளியை நடத்திய லசால் சகோதரர்களின் சபை, பிரான்சு நாட்டில் ழான் பாப்டிஸ்ட் தெ லசால் என்ற குருவானவர் 1680-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கியது. அவர் பள்ளி திறந்தது பிரபுக்களின் பிள்ளைகளுக்கு அல்ல. கைத்தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கும் ஏழைகளின் பிள்ளைகளுக்கும் திறந்தார். அந்தக் காலத்தில் லத்தீன் மொழியில் வாசிக்கத் தொடங்குவதே வழக்கம். அவரோ, பிள்ளை வீட்டில் பேசும் பிரெஞ்சு மொழியிலேயே முதலில் வாசிக்கட்டும் என்றார். தாய்மொழிப் பள்ளியில் பாடம் நடத்தும் எனக்கு இதைப் படித்தபோது மனம் நிறைந்துபோனது. 1852-இல் அந்தச் சகோதரர்கள் பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் வந்தார்கள். அதே ஆண்டில் கன்னியரும் பினாங்கில் கால் வைத்தார்கள். சிரம்பானில் கான்வென்ட் என்ற பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளியும் உண்டு.

நாம் சாமி கும்பிடும் முறை வேறாக இருக்கலாம். ஆனால் உழைக்கிறவன் பிள்ளைக்காகத் தொடங்கிய பள்ளிமுறையில் உழைக்கிறவன் விருந்தாளி அல்ல, வீட்டுக்காரன்.

இன்று பரிசு ஏன் பெரிது?

நான் படித்தபோது ஆறாம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர்., மூன்றாம் படிவத்தில் பி.எம்.ஆர். என்று அரசாங்கத் தேர்வுகள் இருந்தன. பிள்ளை எங்கே நிற்கிறான் என்று அந்த முடிவுகளே சொல்லிவிடும். யு.பி.எஸ்.ஆர். 2021-இல் நீக்கப்பட்டது. பி.எம்.ஆருக்குப் பதில் வந்த பி.டி.3 தேர்வும் 2022-இல் போய்விட்டது. இனிப் பிள்ளை எதிர்கொள்ளும் பெரிய தேர்வு எஸ்.பி.எம். தான். அதில் சான்றிதழ் பெற மலாய் மொழியிலும், 2013 முதல் வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றாக வேண்டும். அதுவரை பிள்ளையின் நிலையைச் சொல்லப் பள்ளியின் மதிப்பீட்டு அறிக்கை, ஆண்டிறுதித் தேர்வு, பரிசளிப்பு விழா ஆகியவை இருக்கின்றன. அவற்றையும் நீங்கள் பார்க்காவிட்டால், ஐந்தாம் படிவத்தில் திடுக்கிட்டுப் பயன் என்ன?

இன்னொன்று. ஓட்டப்பந்தயத்துக்கும் சாரணர் இயக்கத்துக்கும் பேச்சுப்போட்டிக்கும் கொடுக்கிற சான்றிதழை விளையாட்டுக் காகிதம் என்று நினைத்து விடாதீர்கள். அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது நூறு புள்ளிகளில் தொண்ணூறு பாடத்துக்கு, பத்து புறப்பாட நடவடிக்கைக்கு. அந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

பதினைந்து கையெழுத்து

அந்த மேடையில் தமிழ் மொழிக்கும் ஒரு பரிசு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பள்ளியைக் குறை சொல்வதற்கு முன் நம்மையும் கேட்டுக்கொள்வோம். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால், பள்ளி தமிழ் வகுப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். பதினான்கு பேர் மனத்துக்குள் ஆசைப்பட்டால் வகுப்பு வராது. பதினைந்து பேர் எழுதிக் கேட்க வேண்டும். அந்த வகுப்பு இருந்தால்தான் எஸ்.பி.எம்.மில் தமிழும் தமிழ் இலக்கியமும் எடுக்கிற பிள்ளைக்குத் துணை கிடைக்கும். கோவில் திருவிழாவுக்கு வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டும் நமக்குப் பதினைந்து கையெழுத்து பெரிய காரியமா?

பரிசு பெறாத பிள்ளை

என் தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். என்னிடம் படித்த ஒரு பெண், இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு ஒருநாள் ஓட்டப்பந்தயச் சான்றிதழைக் காட்ட வந்தாள். நான் அவசரத்தில், "பாடத்தில் எத்தனாவது இடம்?" என்றேன். அவள் காகிதத்தை மடித்துக்கொண்டாள். மூன்றாம் படிவத்தோடு நின்றுவிட்டாள் என்று பிறகுதான் தெரிந்தது. நான் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்திருந்தால் அவள் நின்றிருக்க மாட்டாள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பார்த்திருக்க வேண்டும்.

முதல் இடம் ஒருவருக்குத்தான். ஆனால் முப்பத்தெட்டிலிருந்து முப்பதுக்கு வந்த பிள்ளையும் நடந்திருக்கிறான். அவன் எங்கிருந்து புறப்பட்டான் என்பது வேறு யாரையும்விட உங்களுக்குத்தான் தெரியும். பரிசு இல்லாத ஆண்டிலும் அவனோடு போய் மண்டபத்தில் உட்காருங்கள். அடுத்த ஆண்டு மேடை ஏறும் ஆசை அங்கேதான் பிறக்கும்.

குலை வெட்டுகிறவரானாலும், தொழிற்சாலை பஸ் ஏறுகிறவரானாலும், அன்றைக்கு அரைநாள் விடுப்புக் கேளுங்கள். துவைத்த சட்டை போதும். முன்வரிசையில் இடமில்லையென்றால் பின்வரிசையில் உட்காருங்கள். சைக்கிள் கொட்டகையில் மட்டும் நின்றுவிடாதீர்கள்.

என் அப்பா இன்று இல்லை. அந்த அகராதி என் மேசை மேல் இருக்கிறது. உங்கள் பிள்ளை மேடையிலிருந்து தேடும்போது, அவன் கண்ணுக்கு நீங்கள் அகப்பட வேண்டும். கை தட்டினார்களா என்று வீட்டில் கேட்காமல், நீங்களே தட்டுங்கள்!