சம்பளக் கணக்கை எந்தக் கருவியில் எழுதுவது? கம்ப்யூட்டர் வேலைக்குப் போகும் தங்கவயல் இளைஞர்களுக்கு

தங்கவயலில் சுரங்கம் ஓடிய காலத்தில் சம்பளம், பிடித்தம், பாக்கி எல்லாம் லெட்ஜரில் ஏறின. அதில் ஒரு வரி தவறினால் பிராவிடண்டு பண்டு, கிராஜுவிட்டி இரண்டும் சிக்கல்தான். கிளார்க் வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. இன்று ரெயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். அவர்களில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் பிள்ளைகளும் உண்டு. இவர்கள் செய்வதும் லெட்ஜர் வேலைதான்.

கரண்ட் போனாலும் கணக்கு அழியக்கூடாது. அதற்காக அதை வைக்கும் இடம்தான் டேட்டாபேஸ். புரோகிராமுக்கும் டேட்டாபேசுக்கும் நடுவில் எந்தக் கருவியை வைப்பது? பெரிய கம்பெனிகளில் இதுதான் கேள்வி.

மூன்று வழிகள்

ஜாவா மொழியில் முதல் வழி ஜே.டி.பி.சி. 1997-ல் வந்தது. எஸ்.கியூ.எல். கட்டளை முழுவதையும் நாமே எழுத வேண்டும். பிடி நம் கையில் இருக்கும். எழுத்து வேலை அதிகம்.

இரண்டாவது ஹைபர்னேட். இங்கே சுரங்கம் மூடிய அதே 2001-ல் கேவின் கிங் என்பவர் தொடங்கியது. கட்டளையை இந்தக் கருவியே எழுதிக்கொள்ளும்.

மூன்றாவது மைபாடிஸ். கட்டளை நம்முடையது, வந்த விவரத்தைப் புரோகிராமில் நிரப்புவது கருவியின் வேலை.

101 தடவை நடை

ஹைபர்னேட் சுலபம் என்று கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. 100 தொழிலாளர்களின் பட்டியலை ஒரு தடவை வாங்கிவிட்டு, ஒவ்வொருவரின் பிடித்தத்தையும் தனித்தனியே கேட்டால், மொத்தம் 101 கட்டளைகள் ஓடும். ஒரே கட்டாக எடுத்து வரவேண்டிய பைல்களுக்காக ரிக்கார்டு ரூமுக்கு 101 தடவை நடந்த கதைதான். கருவி எழுதும் கட்டளையைப் படித்துப் பார்த்தால்தான் இது தெரியவரும். ஆகவே எஸ்.கியூ.எல். படிக்காமல் தப்ப முடியாது.

ஆதார் காட்டிய வழி

ஆதார் எண் 2010-ல் முதன்முதலாக வழங்கப்பட்டது. அதன் ஆரம்ப ஆண்டுகளில் மைஎஸ்கியூஎல், மோங்கோ டி.பி., எச்பேஸ் என்று பலவகை டேட்டாபேஸ்கள் பயன்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. ஆனால் அது கோடிக்கணக்கான மக்களின் கணக்கு. சில ஆயிரம் பேர் வேலை செய்யும் கம்பெனியின் சம்பளக் கணக்குக்கு நல்ல டேட்டாபேஸ் ஒன்று போதும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

தினசரி பதிவும் திருத்தமும் அதிகமா? ஹைபர்னேட் வசதி. மாதக் கடைசியில் பெரிய ரிப்போர்ட்டா? கட்டளையை நாமே எழுதுவது நல்லது. ஒரே புரோகிராமில் இரண்டையும் வைக்கத் தடையில்லை.

பண விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாத விதி ஒன்று உண்டு. ஒரு கணக்கில் கழித்து இன்னொன்றில் வரவு வைத்தால், இரண்டும் நடக்க வேண்டும். அல்லது இரண்டும் நடக்கக் கூடாது. இதற்கு 'டிரான்சாக்ஷன்' என்று பெயர்.

கருவிகள் வரும், போகும். இன்று பிடித்த பணம் 30 ஆண்டு கழித்துத்தான் ஒரு தொழிலாளியின் பென்ஷனாகத் திரும்பி வருகிறது. அன்றைக்கும் இந்தக் கணக்கைத் திறந்து படிக்க முடியுமா? கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.