கணினித்திரையில் தமிழெழுத்தின் தெளிவு: கல்முனைக் கரையோர வாசகரை முன்வைத்து ஒரு விளக்கம்

தமிழெழுத்திற் சிறு குறிகள் பெரும் பொருள் வேறுபாட்டைத் தாங்கி நிற்கின்றன. ‘கெடு’ என்பதைக் ‘கேடு’ என ஆக்குவது கொம்பின் மேலே கூடும் ஒரு சுழியாகும். ‘மனம்’ என்பதற்கும் ‘மணம்’ என்பதற்கும் இடையே எழுத்தளவில் உள்ள வேறுபாடும் ஒரு சுழியே. மெய்யெழுத்தோ ஒரு புள்ளியால் மட்டுமே அறியப்படுகின்றது. ஆதலின், கணினித்திரையில் எழுத்து மங்குமாயின், அழகோடு பொருளும் மங்கும். யுனிக்ஸ் மரபைத் தழுவி எழுந்த லினக்ஸ் முதலிய கட்டற்ற இயங்குதளங்களில் இத்தெளிவை வாசகர் தாமே அமைத்துக்கொள்ளும் முறையினை இங்கு விளக்க முற்படுகின்றோம்.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலாம் ஊர்களில் வாழும் முஸ்லிம்களுக்குத் தாய்மொழி தமிழ். வழிபாட்டு மொழி அரபு. தமிழொலிகளுக்கெனப் புதிய குறிகள் சேர்த்து அரபெழுத்திலே தமிழை எழுதிய அரபுத்தமிழ் மரபும் இம்மக்களுக்கு உரியது. பள்ளிவாசல் அறிவித்தலாயினும், மதரஸாப் பாடமாயினும், ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவரின் ஆய்வேடாயினும், இரு எழுத்து முறைகளும் ஒரே வரியில் அமைதல் இங்கு இயல்பு. எனவே, ஒரு மொழியை மட்டுங் கருதிச் செய்யும் அமைப்பு இவ்வூர்களுக்குப் போதாது.

திரையில் எழுத்து உருவாகும் விதத்தை அறிய மருதமுனைக் கைத்தறியை நினைவுகூர்தல் தகும். பாவும் ஊடையுமான நூல்களால் வளைகோடொன்றை நெய்யும்போது அதன் ஓரம் படிபடியாகவே அமையும். நூல் நுண்ணியதாயின் படிகள் கண்ணுக்குப் புலப்படா. திரையும் இத்தகையதே. அங்குலத்திற்கு 96 புள்ளிகள் கொண்ட திரையில் 12 புள்ளியளவான எழுத்துக்குக் கிடைக்கும் உயரம் 16 திரைப்புள்ளிகளே. இவ்விடத்துள் ‘ண’கரத்தின் சுழிகள் அனைத்தும் அடங்கவேண்டும். மெய்யின் மேலுள்ள புள்ளிக்கு ஏறத்தாழ ஓரிரு திரைப்புள்ளிகளே எஞ்சுகின்றன.

இப்பணியை மூன்று மென்பொருள்கள் பகிர்ந்து செய்கின்றன. முதலாவது ஹார்ஃபஸ். இப்பெயரின் முற்பகுதி, எழுத்தைக் குறிக்கும் ‘ஹர்ஃபு’ என்னும் அரபுச் சொல்லாகும். ககரத்திற்குப் பின் ஒகரக் குறியிட்டால் அதன் ஒரு பகுதியை முன்னும் மறு பகுதியைப் பின்னும் வைப்பதும், அரபெழுத்துக்களைச் சொல்லின் முதல், இடை, கடை நிலைகளுக்கேற்ப இணைப்பதும் இதன் தொழில். இரண்டாவதாகிய ஃபிரீரைப், எழுத்தின் வரைவைத் திரைப்புள்ளிகளாக மாற்றுகின்றது. மூன்றாவதாகிய ஃபொன்ட்கொன்ஃபிக், எம்மொழிக்கு எவ்வெழுத்துரு, எவ்வகைத் தெளிவுடன் என்பதைத் தீர்மானிக்கின்றது. வாசகர் மாற்றியமைக்க வேண்டியது பெரும்பாலும் இம்மூன்றாவதனையே. இல்லக் கோப்புறையினுள் மறைந்துள்ள ‘கொன்ஃபிக்’ கோப்புறையில், ‘ஃபொன்ட்கொன்ஃபிக்’ என்னும் பிரிவில், ‘ஃபொன்ட்ஸ்.கொன்ஃப்’ என்ற பெயரில் எழுதப்படும் சாதாரண உரைக்கோப்பே இதற்குப் போதுமானது.

அக்கோப்பிற் குறிக்கத்தக்கவை மூன்று. முதலாவது ஓரம் மென்மைப்படுத்தல். கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே சாம்பல் நிறப் புள்ளிகளை இட்டுப் படிகளை மறைக்கும் முறை இது. தமிழின் வளைகோடுகளுக்கு இன்றியமையாதது. இரண்டாவது கட்டப் பொருத்தம். எழுத்தின் கோடுகளைத் திரைப்புள்ளிகளின் வரிசையோடு பொருந்தச் செய்வது இதன் நோக்கம். இதனை முழுமையாக ஏவினாற் சுழிகளின் வடிவம் சிதையக்கூடும். மேல்கீழாக மட்டும் சீர்செய்யும் மெல்லிய நிலையே தமிழுக்கு ஏற்றதென்பது எமது கருத்து. எழுத்துருவில் உள்ளமைந்த பொருத்தக் கட்டளைகளைப் பயன்படுத்தக் காப்புரிமை நெடுங்காலம் தடையாயிருந்தது. 2010இல் அது காலாவதியானபின் ஃபிரீரைப் அவற்றை இயல்பாகவே கையாளத் தொடங்கியது. மூன்றாவது துணைப்புள்ளி முறை. ஒவ்வொரு திரைப்புள்ளியிலும் உள்ள சிவப்பு, பச்சை, நீலக் கீற்றுக்களைத் தனித்தனியே பயன்படுத்தி இம்முறை கிடைநுட்பத்தைப் பெருக்குகின்றது. கீற்றுக்களின் வரிசை தெரிந்த தட்டைத் திரைக்கே இது பொருந்தும். வகுப்பறைச் சுவரில் ஒளியெறிந்து காட்டும்போது நிறக்கசிவு தோன்றுமாதலின், அங்கு சாம்பல் முறையே நன்று.

அடுத்து, எழுத்துருக்களின் வரிசை. தமிழெழுத்துருவில் அரபெழுத்து இல்லையெனின், ஃபொன்ட்கொன்ஃபிக் தன்னிடமுள்ள பிறிதொன்றைத் தேர்ந்துகொள்ளும். அது தமிழோடு அளவில் ஒவ்வாது சிறுத்தோ பருத்தோ தோன்றுவதுண்டு. இதனைத் தவிர்க்க, தமிழுக்கு நோட்டோ அல்லது லோகித் எழுத்துருவையும், அரபுக்கு அமீரி எழுத்துருவையும் வரிசைப்படுத்திக் குறித்தல் வேண்டும். அமீரி, கெய்ரோவின் பூலாக் அச்சகத்து எழுத்தைத் தழுவிக் காலித் ஹொஸ்னி அமைத்ததாகும். அரபின் உயிர்க்குறிகள் வரிக்கு மேலும் கீழும் நிற்பவையாதலால், ஆவணத்தில் வரியிடைவெளியையும் சற்றே கூட்டுதல் நலம்.

இறுதியாக ஒன்றை வற்புறுத்த விரும்புகின்றோம். இலங்கையிற் பெருவழக்குப் பெற்ற பாமினி எழுத்துருவில் ஆங்கில ‘எஃப்’ எழுத்தின் இடத்திலே ககரம் வரையப்பட்டுள்ளது. அக்கோப்பைப் பாமினி இல்லாத கணினியிலே திறந்தால் தோன்றுவது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலே. மேற்கூறிய அமைப்புகள் யாவும் சேர்ந்தாலும் அதனைத் தமிழாக்க இயலாது. ஏனெனில், பிழை தோற்றத்தில் அன்று, சேமித்த குறியீட்டிலேயே உள்ளது. சங்கக் கூட்டக் குறிப்புகளும் ஊர் வரலாற்றுக் கையேடுகளும் இந்நிலையிலே கணினிகளில் தங்கிவிடின், நாளை அவற்றைத் திறப்போர் தமிழைக் காணார். ஆகவே, முதலிற் பழைய கோப்புகளை யுனிகோட் முறைக்கு மாற்றுதலும், அதன்பின் திரையின் தெளிவைச் சீர்செய்தலுமே முறையான ஒழுங்காகும்.