தலைகீழ்ச் சாப்பாடு!

பிள்ளைகளே! தலையைத் தலைகீழாக வைத்துக்கொண்டு உங்களால் சாப்பிட முடியுமா? பூநாரைக்கு அதுதான் பழக்கம்!

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில் பழவேற்காடு ஏரி இருக்கிறது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து, இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். பாலத்தைக் கடந்து போனால், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே, கலங்கரை விளக்கம் நிற்கும் லைட்ஹவுஸ் குப்பம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பும். தை பிறந்ததும் தண்ணீர் வடிந்து, பல இடங்களில் முழங்கால் ஆழம்தான் இருக்கும். பூநாரைகளுக்குக் கொண்டாட்டம்!

நீண்ட கால்களால் சேற்றைக் கலக்கும். வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் விடும். நாக்கு சைக்கிள் பம்பு போல முன்னும் பின்னும் போய்த் தண்ணீரை இழுத்துத் தள்ளும். அலகின் ஓரத்தில் சல்லடை போன்ற அமைப்பு உண்டு. தண்ணீர் வெளியே போய்விடும். பாசியும் குட்டி இறால்களும் உள்ளே தங்கும். அவற்றிலுள்ள நிறமிதான் இறகுக்கு இளஞ்சிவப்பைக் கொடுக்கிறது. குஞ்சுகள் சாம்பல் நிறம்தான்!

சிலர் போட்டோவுக்காகக் கைதட்டி, கல்லெறிந்து கூட்டத்தைப் பறக்க விடுகிறார்கள். எனக்குக் கோபமாக வரும். அவ்வளவு பெரிய பறவை எழும்ப, நீர்மேல் ஓடி ஓடிச் சிறகடிக்க வேண்டும். தின்று சேர்த்த சக்தி வீண்தானே?

காலையில், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி கரையில் நில்லுங்கள். சில நாள் தொலைவில் வெள்ளைக் கோடாகத்தான் தெரியும். பைனாகுலர் இருந்தால் நல்லது. குனிந்த தலைகள் சட்டென்று நிமிர்ந்தால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள். மெதுவாகப் பின்னால் நகருங்கள். ஒவ்வொன்றாகக் குனியும், பாருங்கள்!