உப்பின் வெள்ளையில் ஒரு புள்ளி: சிவப்பா, பச்சையா?

சித்திரை, வைகாசி நண்பகலில் மரக்காணம் உப்பளத்துப் பக்கம் போகிறவர்களுக்குக் கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரும்பாடு. மேலேயிருந்து அடிக்கும் வெயில் போதாதென்று, பாத்தியில் விளைந்து கிடக்கும் உப்பிலிருந்தும் வெளிச்சம் திரும்பி வந்து கண்ணைக் கூசவைக்கும். சற்றுத் தள்ளிக் கழுவெளி ஏரி. மழைக்குப் பின் அதன் கரையெல்லாம் ஒரே பச்சை. அந்தி சாய்ந்தால் இரண்டும் ஒரே சாம்பல் நிறம். ரைஃபிளின் மேல் பொருத்தும் ‘டாட் சைட்’டில் சிவப்புப் புள்ளி நல்லதா, பச்சைப் புள்ளி நல்லதா என்பது துப்பாக்கிப் பிரியர்களிடையே தீராத வழக்கு. அதை விசாரிக்க இந்தக் கடற்கரை தோதான இடம். இங்கே பின்னணி மூன்று விதமாக மாறிவிடுகிறது.

என்.சி.சி.யில் .22 ரைஃபிள் சுட்டவர்களுக்குப் பழைய முறை நினைவிருக்கும். கண்ணருகே ஒரு துளை, குழல் நுனியில் ஒரு முனை, தூரத்தில் இலக்கு. மூன்றையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவர வேண்டும். மூன்றும் வெவ்வேறு தூரத்தில் இருப்பதால் ஒரே சமயத்தில் எல்லாமே தெளிவாகத் தெரியாது. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து வேறு சேர்ந்துகொள்ளும்.

டாட் சைட்டில் இந்த அவஸ்தை குறைவு. உள்ளே மிகச் சிறிய எல்.இ.டி. விளக்கு ஒன்று இருக்கிறது. அதன் ஒளி வளைந்த கண்ணாடியில் பட்டு, இணைகதிர்களாகக் கண்ணுக்குத் திரும்புகிறது. அதனால் புள்ளி தொலைவில் இலக்கின் மேலேயே மிதப்பதுபோல் தோன்றும். லேசரைப்போல இலக்கின் மீது எதுவும் பாய்வதில்லை. புள்ளி தெரிவது சுடுபவருக்கு மட்டும்தான்.

யோசனை பழையது. டப்ளினில் தொலைநோக்கிகள் செய்துவந்த ஹோவர்ட் கிரப் 1900-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் கோபுரத் தொலைநோக்கியைச் செய்து தந்ததும் அவர் பெயரைத் தாங்கிய கிரப் பார்சன்ஸ் நிறுவனம்தான். எல்.இ.டி. வைத்த சைட்டை 1975-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட். அன்றைக்கு நம்பி வாங்கக்கூடிய எல்.இ.டி. சிவப்புதான் என்பதால் புள்ளியும் சிவப்பாயிற்று.

பச்சையின் கட்சி இப்படி வாதாடும்: பகலில் மனிதக் கண் மிகக் கூர்மையாக உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளத்தை, அதாவது மஞ்சள் கலந்த பச்சையை. சிவப்புப் புள்ளிகள் பெரும்பாலும் 650-ஐ ஒட்டியவை. அங்கே கண்ணின் உணர்திறன் உச்சத்தில் பத்தில் ஒரு பங்குதான். 520-இல் உள்ள பச்சைக்கோ பத்தில் ஏழு பங்கு. ஒரே அளவு ஒளியாற்றலைக் கொடுத்தால் பச்சைதான் பளிச்சென்று தெரியும். உப்புப் பாத்தியின் நடுப்பகலில் இது பெரிய அனுகூலம். ஆனால் வெளிச்சத்தின் உச்ச அளவு குறைவாக உள்ள மலிவு சைட் என்றால், எந்த நிறமானாலும் அந்த வெள்ளையில் கரைந்துதான் போகும்.

பச்சைக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. சிவப்பை உணரும் செல்கள் பிறவியிலேயே குறைந்தவர்களுக்குச் சிவப்புப் புள்ளி மங்கலாகவே தெரியும். பெண்களைவிட ஆண்களிடம் அதிகமாகக் காணப்படும் குறை இது. இவர்களுக்குப் பச்சை ஆடம்பரமல்ல, அவசியம்.

சிவப்பின் கட்சியும் லேசுப்பட்டதல்ல. செடிகொடிகளின் பின்னணியில் பச்சைப் புள்ளி பச்சையோடு பச்சையாகிவிடும். சிவப்பு தனித்து நிற்கும். அந்தியில் செம்பருத்திப் பூ கறுத்து, அதன் இலை வெளுத்துத் தெரிவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். இருட்டில் வேலை செய்யும் விழிச்செல்கள் சிவப்பை அநேகமாக உணர்வதில்லை என்பதே காரணம். அதனால் சிவப்பு விளக்கைப் பார்த்தாலும் இருட்டுக்குப் பழகிய கண் அவ்வளவாகக் கெடுவதில்லை. பிரகாசமான பச்சை அதைக் கெடுத்துவிடும்.

மின்கணக்கிலும் சிவப்பு சிக்கனம். சிவப்பு எல்.இ.டி. 2 வோல்ட்டுக்குள் எரிந்துவிடும். இன்றைய பச்சைக்கு 3 வோல்ட் வரை வேண்டும். இந்த சைட்களில் வழக்கமாகப் போடும் பொத்தான் பேட்டரி தருவதே 3 வோல்ட்தான். எய்ம்பாயிண்டின் ‘மைக்ரோ டி-2’ என்ற சிவப்புப் புள்ளி சைட் ஒரே பேட்டரியில் 50,000 மணி நேரம் எரியும் என்பது நிறுவனக் கணக்கு.

கடையில் யாரும் சொல்லாத விஷயம் ஒன்று: கண்ணாடியின் பூச்சு. புள்ளியின் நிறத்தைத் திருப்பி அனுப்பி, மற்ற நிறங்களை உள்ளே விடுவது அதன் வேலை. எனவே சிவப்பு சைட் வழியே பார்த்தால் காட்சியில் லேசாக நீலம் தட்டும். பச்சை சைட்டில் இளஞ்சிவப்பு தட்டும். பச்சை சைட்டின் பூச்சு தடுப்பது கண்ணுக்கு மிகவும் வேண்டிய ஒளியை. அந்திவேளையில் காட்சி சற்று இருளடைந்து தெரிய இதுவே காரணம்.

நிறத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது அவரவர் கண். சிலருக்குப் புள்ளி வட்டமாக இல்லாமல் வால் நட்சத்திரம்போல் இழுபட்டுத் தெரியும். பொருள் பழுது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் ஒரு சோதனை செய்யலாம். சைட்டைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி, அதன் வழியே செல்போனில் ஒரு படம் எடுத்தால் போதும். படத்தில் புள்ளி வட்டமாக இருந்தால் சைட் சரி, கோளாறு கண்ணில்தான். சிலிண்டர் பவர் கண்ணாடிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டியதுதான். அதேபோல வெளிச்சத்தைத் தேவைக்கு மேல் கூட்டினால் புள்ளி ஊதிப் பெருக்கும். ‘2 எம்.ஓ.ஏ.’ (கோண அளவில் 2 நிமிடம்) புள்ளியே 100 மீட்டரில் கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டரை மறைக்கும். இரண்டு பத்து ரூபாய் நாணயங்களை அருகருகே வைத்த அகலம் அது.

கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் தனிக் கவலை ஒன்று உண்டு. உப்புக்காற்றில் கண்ணாடியின் மேல் படலம் படிந்துவிட்டால் எந்த நிறப் புள்ளியும் சிதறித் தெரியும். காய்ந்த துணியால் துடைத்தால் உப்புப் பரல் பூச்சைக் கீறிவிடும். நீர் புகாத சைட் என்றால் முதலில் நல்ல தண்ணீரில் அலசி, பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

இத்தனையும் சாமானியர்களுக்கு எதற்கு? 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. பலர் முதலில் டாட் சைட்டைப் பொருத்துவது அதில்தான். ஸ்பிரிங் வகை ஏர் ரைஃபிள் முன்னும் பின்னுமாக உதைப்பதால் சாதாரண சைட் சீக்கிரம் உடைந்துவிடும். அதற்கென்றே செய்த சைட்டாகப் பார்த்து வாங்க வேண்டும். கையில் ஏர் ரைஃபிள் இருக்கிறது என்பதற்காகக் கழுவெளிப் பக்கம் போய்விடக் கூடாது. 2021 முதல் அது பறவைகள் சரணாலயம். பறவைகளைச் சுடுவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

போட்டியில் சுடுவதுதான் ஆசை என்றால் இந்த வழக்கே எழாது. ஒலிம்பிக்கில் இடம்பெறும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பிரிவில் எந்த நிற டாட் சைட்டுக்கும் அனுமதி இல்லை, வளையமும் துளையும்தான். வெளிச்சத்தைத் தணிக்கும் வடிகட்டிக் கண்ணாடி மட்டும் வைத்துக்கொள்ளலாம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றது அந்த வளையத்தின் வழியே பார்த்துத்தான்.