35-க்குக் கீழே சிவப்பு

எக்செல் பட்டியலில் கவனிக்க வேண்டிய எண் கண்ணில் பட்டால் அந்தக் கட்டத்துக்குக் கையோடு சிவப்பு அடித்து வைப்பது நம் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் ஊறிப்போன பழக்கம். மாறிக்கொண்டே இருக்கும் பட்டியலில் அப்படிச் செய்யவே கூடாது என்பேன். கையால் பூசிய நிறம் பூசிய அன்றைக்குத்தான் செல்லும். மறுகூட்டலில் 33 மதிப்பெண் 36 ஆன பிறகும் அந்த மாணவரின் கட்டம் சிவப்பாகவே நிற்கும். யாராவது நினைவு வைத்து அழித்தால் உண்டு. இதற்கு எக்செல் 97 பதிப்பிலேயே வழி வந்துவிட்டது. கண்டிஷனல் ஃபார்மேட்டிங் என்ற அந்த வசதியில், இன்ன நிலை வந்தால் இன்ன நிறம் என்று விதியை மட்டும் எழுதி வைக்கிறோம். எண் மாறினால் நிறமும் தானாக மாறிவிடும். தொடக்கத்தில் ஒரு கட்டத்துக்கு மூன்று விதிகளே எழுத முடிந்தது. 2007 பதிப்பு அந்த வரம்பை எடுத்துவிட்டது. கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரே ஆபிஸிலும் இதே வசதி இலவசமாகவே இருக்கிறது.

நேரம் மிச்சமாவதைவிடப் பெரிய பயன் ஒன்று இதில் உண்டு: எதைக் கவனிக்க வேண்டும் என்பதை நாம் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லியாக வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொள்வோம். பெயர் முதல் நெடுவரிசையில், மதிப்பெண் மூன்றாவதான சி-யில். தேர்ச்சிக்கு 35. பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்து, சி2 கட்டம் 35-க்குக் குறைவானால் சிவப்பு என்று சூத்திர விதி எழுதுகிறோம். சி என்ற எழுத்துக்கு முன் டாலர் குறி போட்டால்தான் மாணவரின் வரிசை முழுவதும் நிறம் பெறும்; போடாவிட்டால் ஒவ்வொரு கட்டமும் வேறு வேறு நெடுவரிசையைப் பார்த்து நிறத்தைச் சிதறடிக்கும். இனிதான் சிக்கல். தேர்வுக்கே வராத மாணவருக்கு ‘ஆப்சென்ட்’ என்று தட்டியிருக்கிறோம். எழுத்தை எந்த எண்ணையும்விடப் பெரியதாகவே எக்செல் கொள்ளும்; அதனால் அவர் வரிசை வெள்ளையாக நிற்கிறது. மதிப்பெண் இன்னும் ஏற்றாத வெற்றுக் கட்டத்தையோ பூஜ்யமாகக் கொண்டு சிவப்பாக்கிவிடும். வேறு மென்பொருளிலிருந்து ஒட்டிய 28 எழுத்தாகப் பதிந்திருந்தால் அதுவும் தப்பிவிடும். உடனே விசாரிக்க வேண்டிய பிள்ளை விடுபட, விடைத்தாளே திருத்தாத பிள்ளை தோல்வி ஆகிறது. தவறு எக்செலுடையது அல்ல. வராதவரை என்ன செய்வது என்று நாம் முடிவெடுக்கவில்லை. வராதவருக்கு ஒரு விதியும் வெற்றுக் கட்டத்துக்கு ஒரு விதியும் தனியே எழுதி, அவற்றை மேலே ஏற்றி வைத்தால் இந்த இரண்டும் சரியாகிவிடும். விதிகள் மோதும்போது பட்டியலில் மேலே இருப்பதே வெல்லும்.

இருபது பேர் பட்டியலுக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். ஒருமுறை அச்சிட்டுத் தூக்கிப்போடும் தாளுக்கு வேண்டியதில்லைதான். ஆண்டு முழுவதும் திறக்கும் பட்டியலுக்கு வேண்டும். மருந்துக் கடையில் காலாவதித் தேதியை இன்றைய தேதியோடு ஒப்பிடும் பட்டியலுக்குக் கட்டாயம் வேண்டும். வெட்டி ஒட்டும்போது விதிகள் துண்டு துண்டாகப் பெருகும் என்ற குறையும் உண்மை. அவ்வப்போது ‘மேனேஜ் ரூல்ஸ்’ திறந்து களையெடுக்க வேண்டியதுதான். இவற்றைவிட வலுவான ஆட்சேபம் வேறு. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் எல்லாருக்கும் அதே கதிதான். போதாக்குறைக்கு, எத்தனை கட்டம் சிவப்பு என்று எண்ணித் தர கவுண்ட்இஃப் சூத்திரத்தால் முடியாது. இதை மறுக்க வழியில்லை. ஆகவே பக்கத்து நெடுவரிசையில் ‘தோல்வி’, ‘வரவில்லை’ என்று சொல்லாகவும் வரச்செய்து, அந்தச் சொல்லைப் பார்த்தே நிறம் விழும்படி விதி எழுதுவதே சரி. நிறமும் இரண்டுக்கு மேல் வேண்டாம். எல்லாக் கட்டமும் நிறமாகிவிட்டால் கண் எதிலும் நிற்காது.

பட்டியலை அடுத்தவருக்கு அனுப்பும் முன் அதன் நகல் ஒன்றில் 34, 35, ‘ஆப்சென்ட்’ மூன்றையும் தட்டிப் பாருங்கள். ஒரு கட்டத்தை வெற்றாகவும் விட்டுப் பாருங்கள்.